மன்னார்குடி அருகே மனை சமன்செய்யும் பணி: ஒரு மதிப்பீடு

மன்னார்குடியை அடுத்த எங்கள் மனை, முன்பு நெல் விளைந்த களிமண் நிலம். ஈரத்தில் ஊதி, கோடையில் வெடிப்பு விடும் இத்தகைய மண்ணில், மேடாக்கினால் போதும் என்று பலரும் லாரி லாரியாக மண்ணைக் கொட்டிவிடுகிறார்கள். நாங்கள் அமர்த்திய உள்ளூர் ஒப்பந்தக்காரர், தெருவின் மட்டத்தையும் அருகிலுள்ள வடிகால் வாய்க்காலின் அடிமட்டத்தையும் ஆட்டோ லெவல் கருவியால் அளந்து, மழைநீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்று முடிவு செய்த பிறகே ஜேசிபியை உள்ளே விட்டார். வேரும் தாளும் கலந்த மேல்மண்ணை வழித்துத் தோட்டத்துக்கென ஒதுக்கி, கிராவலை அரையடிக்கு மிகாத அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் நீர் தெளித்து ரோலரால் இறுக்கினார். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் உருட்டினால் அடிப்பகுதி தளர்வாகவே இருந்து பின்னாளில் தரை இறங்கிவிடும் என்பதால், இந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வீடு அமையும் இடத்தைச் சுற்றி முதல் 10 அடிக்கு 6 அங்குலச் சரிவும், அண்டை மனைக்குள் நீர் பாயாதபடி எல்லையோரம் ஆழமற்ற வாய்க்காலும் கொடுத்திருக்கிறார். கட்டணம் ஊர் வழக்கத்தைவிடக் கூடுதல்தான். ஐப்பசி மழையில் கிழக்கு மூலையில் மட்டும் நீர் தேங்கியது. சொன்னதும் வந்து சரிசெய்தார். ஆனால் மண் பரிசோதனையைப் பற்றி அவராக எதுவும் சொல்வதில்லை. களிமண் நிலம் வைத்திருப்பவர்கள் அஸ்திவாரத்துக்கு முன் அதைத் தாங்களே கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.