திரை கறுத்துக் கறுத்து வருகிறதா? டிரைவரா, சூடா, சிப்பா?

விளையாட்டின் நடுவே திரை கறுக்கிறது. இரண்டு மூன்று நொடியில் மீண்டு வருகிறது, அல்லது நீலத் திரையோடு லேப்டாப் படுத்துவிடுகிறது. கிராபிக்ஸ் சிப் 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ், அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரை நிறுத்தி மறுபடி தொடங்கும். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணில் அது பதிவாகும். சிப் பதில் தரவில்லை என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்லும். காரணத்தை நாம்தான் தேட வேண்டும். அதனால்தான் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள்.

விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில், அந்த 2 நொடிக் காத்திருப்பைத் தீர்மானிக்கும் டிடிஆர்-டிலே என்ற மதிப்பை 8 அல்லது 10 நொடியாகக் கூட்டுவது அடிக்கடி கேட்கும் யோசனை. நீண்ட கணக்குகளையோ பெரிய ரெண்டரையோ (படம், காணொளி உருவாக்கும் வேலை) கிராபிக்ஸ் கார்டில் ஓட்டுபவர்களுக்கு இது நியாயமான தீர்வு. அங்கே சிப் உண்மையிலேயே வேலையாக இருக்கிறது. விளையாட்டில் விழும் லேப்டாப்புக்கு இதனால் பயனில்லை. திரை உறைந்து நிற்கும் நேரம்தான் நீளும்.

டிரைவரைத் துடைத்து மறுபடி போடுவதற்குக் காசு செலவில்லை, ஒரு மாலைப் பொழுது போதும். அப்டேட்டுக்குப் பிறகு தொல்லை தொடங்கியிருந்தால் முதலில் இதைத்தான் செய்வேன். சேஃப் மோடில், டிரைவரைத் துடைக்கும் டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) என்ற மென்பொருள் கொண்டு பழையதை முழுக்க நீக்குங்கள். அதற்கு முன்பே இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் தன் விருப்பத்துக்கு ஒரு டிரைவரை இறக்கிவிடும். புதிதாகப் போடுவது என்விடியா, ஏஎம்டி தரும் அண்மைப் பதிப்பா, லேப்டாப் நிறுவனம் தரும் பழைய பதிப்பா? விழுகிற லேப்டாப்புக்கு நான் பின்னதையே தேர்வேன். அந்த மாடலில் சோதித்துப் பார்த்துத் தந்தது அது.

அடுத்தது சூடு. தூசி தட்டி, சிப்புக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்குக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவது எந்தப் பழைய லேப்டாப்புக்கும் நல்லதே. ஆனால் இன்றைய சிப்கள் வரம்பை நெருங்கும்போது முதலில் வேகத்தைத் தாமாகக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு மெல்ல இழுபடாமல் சட்டென்று விழுந்தால், சூடு மட்டுமே காரணம் என்று நம்பிவிட வேண்டாம். பேஸ்ட் மாற்றுபவர் வீடியோ மெமரி மேல் இருக்கும் தெர்மல் பேடையும் பார்க்க வேண்டும். பேடின் தடிமன் மாறினால் ஹீட்சிங்க் சரியாக உட்காராது. சர்வீஸ் முடிந்து வந்த லேப்டாப் முன்பைவிட மோசமாகும்.

இந்த இரண்டையும்விட நான் மதிப்பது வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் சோதனையை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கிராபிக்ஸ் சிப்பின் கோர் வேகத்தை 150 மெகாஹெர்ட்ஸ் குறைத்து, முன்பு விழுந்த அதே விளையாட்டை ஓட்டுங்கள். தொல்லை நின்றுவிட்டால் சந்தேகம் சிப், மெமரி, மின்சாரம் பக்கம் திரும்புகிறது. அப்போது சார்ஜரின் வாட் அளவையும் பாருங்கள். குறைந்த வாட் மாற்றுச் சார்ஜர் வாங்கியவர்களுக்கு இது புரியும். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து, இதே அமைப்பில் பல மாதம் ஓட்டலாம்.

ரீஃப்ளோ, அதாவது சிப்பைச் சூடாக்கி 'உயிர் கொடுப்பது', எனக்குக் கோபம் வரவழைக்கும் வைத்தியம். ஒரு கடையில் நானும் பணம் கொடுத்து இதைச் செய்தேன்; சில வாரங்களில் அதே கறுப்புத் திரை. 2008 ஜூலையில் என்விடியா தன் லேப்டாப் சிப்களின் பேக்கேஜிங் பொருளில் பலவீனம் இருப்பதாகச் சொல்லி, பழுதுச் செலவுக்கென 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அந்தப் பழுது சிப்பின் உள்ளே, சிலிக்கானை அடித்தட்டோடு இணைக்கும் நுண்ணிய புள்ளிகளில் இருந்தது. சூடு காட்டினால் அவை தற்காலிகமாக ஒட்டும், பிறகு விட்டுவிடும். சிப்பைக் கழற்றி மறுபடி ஒட்டும் ரீபால் செய்தாலும் வெளியே, போர்டோடு சேரும் சால்டர் உருண்டைகள்தான் மாறுகின்றன. அப்படிப்பட்ட பழுதுக்கு வேறு நல்ல சிப் பொருத்துவதுதான் பழுது நீக்கம். பழைய லேப்டாப்புக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகுமா என்பதை வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கட்டுப்படியாகாவிட்டால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் தனிக் கிராபிக்ஸ் கார்டை முடக்கிவிட்டு, பிராசஸரோடு வரும் கிராபிக்ஸிலேயே ஓட்டலாம். எழுத, படிக்க, காணொளி பார்க்க அது தாராளமாகப் போதும். சில மாடல்களில் எச்டிஎம்ஐ துளை நேராகத் தனிக் கார்டோடு இணைந்திருக்கும்; அவற்றில் வெளித்திரை மட்டும் வேலை செய்யாது.