சம்பளச் சீட்டை வீடியோவில் விளக்கியபோது: கொழும்புக் கம்பனி ஒன்றில் என் அனுபவம்

ஊழியர் சலுகைகளை வீடியோவாக எடுத்து அனுப்புவது பிரயோசனமா என்று மனிதவளப் பிரிவில் வேலை செய்யும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். 2022 முதல் இதைச் செய்துவருகிறேன் என்பதால் தைரியமாகவே சொல்வேன்: பிரயோசனம்தான். ஆனால் ஒரு வீடியோவில் ஒரு கேள்விக்குத்தான் பதில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு "எனக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டு வருபவருக்குப் பதில் சொல்ல ஒரு ஆளும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் வீடியோவுக்குச் செலவழிக்கும் காசு வீண்.

எங்களுடையது உணவுப்பொருள் விநியோகக் கம்பனி. தலைமை அலுவலகம் கொள்ளுப்பிட்டியில், ஸ்டோர்ஸ் பேலியகொடையில். விற்பனைப் பிரதிநிதிகளும் லொறிச் சாரதிகளும் நாடு முழுக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். ஸ்டோர்ஸில் உள்ள தம்பிமாரில் பலர் மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கம் போர்டிங்கில் தங்கியிருப்பவர்கள். முன்பு சலுகைகளைப் பற்றிய அறிவித்தல் எல்லாமே ஆங்கில மின்னஞ்சலாகத்தான் போகும். மின்னஞ்சலே இல்லாதவர்களுக்கு நோட்டீஸ் பலகை. லொறியில் இருப்பவருக்கு அதுவும் இல்லை.

நிர்வாகம் முதலில் வெளியில் ஒரு ஸ்டூடியோவிடம் கொடுத்து ஒரு வீடியோ செய்தது. கார்ட்டூன் மனிதர்கள், பின்னணி இசை, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதியம், சம்பளத்தில் வெட்டிச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு) முதல் மருத்துவக் காப்புறுதி வரை எல்லாம் ஒரே மூச்சில். தமிழ்க் குரல் செய்தி வாசிப்பதுபோல இருந்தது. பார்க்க அழகாக இருந்தது, ஆனால் பார்த்த பிறகும் ஸ்டோர்ஸிலிருந்து அதே பழைய கேள்விதான் வந்தது: "மிஸ், இந்த எட்டு சதவீதத்தை வெட்டாமல் கையில தர ஏலாதா?"

அந்தக் கேள்வியைத்தான் நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டோம். கார்ட்டூன் வேண்டாம், முகமும் வேண்டாம். மேசையில் ஒரு சம்பளச் சீட்டு, அதன்மேல் நகரும் ஒரு பேனா, ஒரு குரல், அவ்வளவுதான். ஈபிஎஃப்புக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். பேனா 4,000 என்ற கழிவில் நிற்கிறது: "இது உங்கட எட்டு சதவீதம்." பிறகு பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளில் கையால் எழுதுகிறோம்: கம்பனி போடும் 12 சதவீதம், 6,000. இரண்டும் சேர்ந்து மாதம் 10,000 ரூபாய் உங்கள் பெயரில் ஊழியர் சேமலாப நிதியத்துக்குப் போகிறது. அதற்கு வெளியே ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் கம்பனி 3 சதவீதம், 1,500. இது உங்கள் சம்பளத்தில் வெட்டப்படுவதே இல்லை. அந்த எட்டு சதவீதத்தை நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை, 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் அப்படி என்று கடைசியில் ஒரே வரியில் சொன்னோம்.

ஒன்றரை நிமிடம்கூட வராது. ஆனால் அதற்குப் பிறகு வந்த கேள்விகளின் தரமே மாறிவிட்டது. "ஓவர் டைமுக்கு ஏன் ஈபிஎஃப் இல்லை?", "என் சாப்பாட்டு அலவன்ஸ் சேருமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஓவர் டைம் சேராது, சாப்பாட்டு அலவன்ஸ் சேரும். அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான் ஈபிஎஃப் என்று நினைத்துக்கொண்டிருக்கும் தொழிலாளர்களும் முதலாளிமாரும் கொழும்பில் எத்தனையோ பேர். தன் சீட்டைத் தானே சரிபார்க்கத் தெரிந்த ஊழியர் கம்பனிக்குத் தொந்தரவு என்று சிலர் நினைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எட்டு மணி நேரம் மூட்டை தூக்குபவருக்குத் தன் காசு எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

குரல் விஷயத்தில் நாங்கள் எடுத்த முடிவு நல்ல முடிவு. தமிழுக்கு ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளரான அண்ணன் ஒருவர் பேசினார், ஹட்டன் பக்கத்துக்காரர். சிங்களத்துக்கு லொறிப் பகுதியில் இருந்து ஒருவர். படம் ஒன்றுதான், ஆனால் ஒன்றை மற்றதிலிருந்து மொழிபெயர்க்கவில்லை. இருவருக்கும் விஷயத்தைச் சொல்லிக்கொடுத்து, அவரவர் ஆட்களிடம் பேசுவதுபோலப் பேசச் சொன்னோம். அண்ணன் "தம்பி, இதைக் கொஞ்சம் கவனமாப் பாருங்க" என்று தொடங்குவார். அந்தக் குரல் தெரிந்த குரல் என்பதால் கடைசிவரை கேட்கிறார்கள். முகம் காட்டாததில் இன்னொரு வசதி: யாராவது வேலையை விட்டுப் போனாலும் வீடியோவை மாற்ற வேண்டியதில்லை.

அனுப்புவது வாட்ஸ்அப்பில்தான். வேறு செயலி எதையும் இறக்கச் சொல்லிப் பார்க்காதீர்கள், யாரும் செய்ய மாட்டார்கள். டேட்டா காசு எல்லாருக்கும் பெரிய விஷயம், அதனால் கோப்பு சின்னதாக இருக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்த போனுக்குப் பொருந்தும் படமாக எடுக்க வேண்டும். எழுத்து கட்டாயம், ஏனென்றால் பாதிப்பேர் பஸ்ஸில் சத்தம் இல்லாமல் பார்க்கிறார்கள். மைக் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய சட்டையில் குத்தும் சின்ன மைக். போன் எங்களுடையதே. ஸ்டோர்ஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓடத் தொடங்குமுன் காலையிலேயே பதிவை முடித்துவிடுவோம்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று, வீட்டார். வீடியோ இரவில் வீட்டுக்குப் போகிறது, மனைவி பார்க்கிறார், அம்மா பார்க்கிறார். மறுநாள் சாரதியின் போனிலிருந்து அவருடைய மனைவியின் குரல் பதிவு வருகிறது: "மிஸ், போன மாசம் பிள்ளையை வார்டில வச்சிருந்த பில் இருக்கு, அதுக்கு எடுக்கலாமா?" காகிதங்களைப் பத்திரப்படுத்துபவர் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்தானே. அதனால் மருத்துவக் காப்புறுதி வீடியோவை அவர்களை நினைத்தே எடுத்தோம். ஆஸ்பத்திரிப் பில்லின் அசலை மேசையில் வைத்தோம். அதில் முத்திரை எங்கே இருக்க வேண்டும் என்று விரலால் காட்டினோம். பக்கத்தில் டயக்னோசிஸ் கார்ட், அதாவது என்ன நோய், என்ன சிகிச்சை என்று ஆஸ்பத்திரி எழுதித் தரும் அட்டை. அது இல்லாமல் வந்த கோரிக்கைகள்தான் எங்களிடம் அதிகம் திரும்பி வந்தவை. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருமுன் அதைக் கேட்டு வாங்குங்கள் என்று அண்ணன் அழுத்திச் சொல்வார். இப்போது காகிதம் குறைந்து வரும் கோரிக்கைகள் நன்றாகக் குறைந்திருக்கின்றன. எங்கள் வீடியோக்களில் மிகவும் பயன்பட்டது இதுதான் என்று நினைக்கிறேன்.

2023 ஜூலை தொடக்கத்தை மறக்க முடியாது. அரசு உள்நாட்டில் வாங்கிய கடனை மறுசீரமைக்கப்போகிறது என்ற செய்தி வந்த வாரம். ஈபிஎஃப் காசில் பெரும்பகுதி அரசுக்குத்தான் கடனாகப் போயிருக்கிறது. ஈபிஎஃப் காசு போய்விட்டது என்று போர்டிங்குகளில் பேச்சு. இருபது வருடம் வேலை செய்த ஒருவர் கண்கலங்கி வந்து நின்றார். நிதி முகாமையாளர் போனின் முன் அமர்ந்து தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னார்: கணக்கில் உள்ள மீதி குறைக்கப்படாது, குறைந்தது 9 சதவீத வட்டி என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது, எதிர்கால வட்டி எப்படி இருக்கும் என்று இப்போது யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்தக் கடைசி வரியை எடுத்துவிடலாம் என்று மேலே ஒருவர் சொன்னார். நாங்கள் எடுக்கவில்லை. அது இருந்ததால்தான் மற்ற இரண்டையும் நம்பினார்கள். கடிதமாகப் போயிருந்தால் அந்த நம்பிக்கை வந்திருக்காது. முகம் காட்டிய வீடியோ எங்களிடம் அது ஒன்றுதான்.

சரி, எங்கே இது கைகொடுக்கவில்லை? முதலில், ஆளுக்கு ஆள் மாறும் விஷயங்கள். முதல் வருட வேலைக்காரருக்குச் சாதாரண லீவு இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் கணக்கு. இரண்டாம் வருடத்து வருட லீவோ அவர் எந்த மாதத்தில் சேர்ந்தார் என்பதைப் பொறுத்தது: ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14 நாள், அடுத்த காலாண்டுக்கு 10, பிறகு 7, ஒக்டோபரிலோ அதன் பின்னரோ சேர்ந்தவருக்கு 4. இதை வீடியோவில் சொன்னால் எல்லாரும் 14ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். இதற்குப் பக்கத்தில் அமர்ந்து பேசுவதுதான் சரி. ஈபிஎஃப்பில் 30 சதவீதம் எடுப்பதும் அப்படித்தான். பத்து வருடப் பங்களிப்பும் கணக்கில் 300,000 ரூபாய்க்குக் குறையாத மீதியும் இருந்தால் வீட்டுக்கோ குறிப்பிட்ட மருத்துவத் தேவைக்கோ எடுக்கலாம் என்று வீடியோ சொல்லும். தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, எந்தக் காகிதம் கொண்டு நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்குப் போவது என்று அது சொல்லாது.

அடுத்தது, பழசாகிப்போவது. வருமான வரி வீடியோவை 2023இல் எடுத்தபோது மாதம் 100,000 ரூபாய் தாண்டினால் வரி. 2025 ஏப்ரலில் அது 150,000 ஆனது. புதியதை உடனே எடுத்தோம், ஆனால் பழையது யாராவது ஒருவரின் போனிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது. அனுப்பிய வீடியோவைத் திரும்பப் பிடிக்க முடியாது. அதனால் இப்போது ஒவ்வொன்றின் முதல் திரையிலும் மாதமும் ஆண்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. மாறாத விஷயங்களுக்குத்தான் நேரம் செலவழித்து எடுக்கிறோம். மாறும் தொகைகளைக் குரல் பதிவாக அனுப்பிவிடுகிறோம், அதுவே போதும்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து மதிப்பிடச் சொல்லி மேலிடம் கேட்கும். அது பெரிதாக எதையும் சொல்லாது. என் அளவுகோல் இரண்டு: ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவது நின்றதா, பிழையான காகிதங்கள் குறைந்தனவா. பெயர் சரிபார்ப்பு வீடியோவை இதில் சொல்லலாம். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. 2016க்குப் பிறகு 12 இலக்க அட்டை வந்ததில் இலக்கமும் வேறு. ஈபிஎஃப் எடுக்கும் வயது ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50. அந்த வயதில் போய் நிற்கும்போதுதான் பெயர் பொருந்தவில்லை என்று தெரியவந்தால் அலைச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. மத்திய வங்கியின் ஈபிஎஃப் கணக்கு அறிக்கையையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுக் காட்டினோம். அந்த வாரமே பலர் தங்கள் அறிக்கையோடு மேசைக்கு வந்தார்கள். இருபத்தைந்து வயதுத் தம்பிமார் இப்போதே திருத்திக்கொண்டார்கள். எனக்கு இதில் பெரிய சந்தோஷம்.

வீடியோவாக எடுக்கவே கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது ஒன்றில். ஊழியர் இறந்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பதைக் குடும்பத்துக்குப் போனில் அனுப்பக்கூடாது. பின்னுரித்தாளர் (தனக்குப் பின் காசைப் பெற வேண்டியவர்) பெயரை நிரப்புங்கள் என்று உயிரோடு இருப்பவருக்குச் சொல்ல வீடியோ சரி. மற்றதற்கு ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும், படிவத்தை அவர்களோடு அமர்ந்து நிரப்ப வேண்டும்.

இப்போது பணிக்கொடை வீடியோவைத் திரும்ப எடுக்கிறோம். ஐந்து வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம் என்பது 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு இது பொருந்தும். 50,000 ரூபாய் சம்பளத்தில் எட்டு வருடம் என்றால் 200,000. நாலரை வருடத்தில் சின்னச் சண்டையில் வேலையை விட்டுப்போகும் பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் விசாரித்தால், ஆறு மாதம் பொறுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால் இந்த முறை நான்காவது வருடத்தைத் தொடுபவர் ஒவ்வொருவருக்கும் அந்த மாதத்திலேயே தனியாக அனுப்புவதாக ஏற்பாடு. கணக்கை அவரவர் சம்பளத்தில் போட்டுக்காட்ட ஸ்டோர்ஸில் புதன்கிழமை பின்னேரம் நானே இருப்பேன்.