சூப்ராஃபோனிக்கா, ஆக்ரோலைட்டா: பழைய லுட்விக் ஸ்நேர் வாங்கிச் சரிசெய்ய எது தோது?

சிகாகோவில் லுட்விக் கம்பெனி 1960களிலும் 70களிலும் செய்த 14 அங்குல உலோக ஸ்நேர்களில் (அடியில் கம்பிகள் ஓடும் டிரம்) இன்றும் அதிகம் கைமாறுபவை இரண்டு. ஒன்று சூப்ராஃபோனிக் 400, இன்னொன்று ஆக்ரோலைட் 404. இரண்டும் 5 அங்குல உயரம். சூப்ராவின் ஆரம்பகாலத்தைத் தவிர்த்தால், இரண்டுக்கும் ஒட்டுத் தையல் இல்லாத அலுமினிய ஷெல் (டிரம்மின் உருளை உடல்). நடுவில் ஓடும் புடைப்பு வளையம்கூட ஒன்றுதான். சூப்ராவுக்கு மேலே குரோம் பூச்சு, 10 லக் (தோலை இழுக்கும் திருகுகள் மாட்டும் பிடிகள்). ஆக்ரோலைட்டுக்குக் குரோம் கிடையாது, 8 லக். விலையில் இருக்கும் இடைவெளிக்குப் பெரும்பாலும் அந்தக் குரோமும் பெயரும்தான் காரணம். பழசை வாங்கிச் சரிசெய்ய உட்காரும்போது தலைவலி தருவதும் அதே குரோம்தான்.

அலுமினியத்தில் குரோம் லேசில் பிடிக்காது. பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் ஈரம் உள்ளே இறங்கும். மேலே நிக்கலும் குரோமும், கீழே அலுமினியம். ஈரம் பட்டதும் அரிப்பு அலுமினியத்தைத்தான் தின்னும். அப்படி உண்டாகும் வெள்ளை ஆக்சைடுக்கு இடம் போதாமல் அது குரோமை மேலே தூக்கும். முதலில் மணல் தூவினாற்போலப் புள்ளி, பிறகு கொப்புளம், கடைசியில் உரியும். உரிந்த விளிம்பு பிளேடு மாதிரி விரலைக் கிழிக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர்களில் உறை போடாமல் வைத்தால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

புள்ளி விழுந்த சூப்ராவுக்கு மூன்று வழி. முதலாவது, அப்படியே விட்டுவிடுவது: மென்மையான துணியும் சோப்பு நீரும் போட்டுத் துடைத்து, நன்றாக உலர்த்தி, கார் மெழுகு ஒரு பூச்சு. ஒலியில் எந்தக் குறையும் வராது. இரண்டாவது, குரோமை முழுக்க உரித்து வெறும் அலுமினியத்தைப் பாலிஷ் செய்வது. பார்க்க அழகு, ஆனால் சேகரிப்பவர் கண்ணில் மதிப்பு போய்விடும். மூன்றாவது, மறுபடி குரோம் ஏற்றுவது. அலுமினியத்துக்கு முதலில் துத்தநாகப் படலம், அதன்மேல் செம்பு, நிக்கல், பிறகுதான் குரோம். இதைத் தெரிந்து செய்யும் பட்டறை அரிது. செலவைப் பார்த்தால் நல்ல ஆக்ரோலைட் ஒன்றே வாங்கிவிடலாம். ஹெட் (அடிக்கும் தோல்) உட்காரும் விளிம்பில் மட்டும் குரோம் உரிந்திருந்தால் சும்மா விடக்கூடாது, ஹெட்டை அறுத்துவிடும். 600, பிறகு 1000 நம்பர் நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்துக்கொண்டு, கூர் போகும்வரை மட்டும் தேயுங்கள். உலர்ந்த நிலையில் தேய்க்கவே வேண்டாம். அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

ஆக்ரோலைட்டில் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. பள்ளி மாணவர்களுக்காக, ஸ்டாண்டும் பெட்டியும் சேர்த்து விற்ற டிரம் அது. பலதும் சில வருஷம் வாசிக்கப்பட்டுப் பெட்டிக்குள் தூங்கியவை. பெரும்பாலும் அழுக்கு, ஸ்டிக்கர் பசை, யாரோ கீறிய எண், அவ்வளவுதான். பசைமேல் தேங்காய் எண்ணெய் தடவி ஓர் இரவு விட்டு, மறுநாள் பாத்திர சோப்பால் கழுவினால் போய்விடும். அதன் சாம்பல் நிறத் தோற்றம் அனோடைஸ் செய்த படலம், அதாவது மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேலேயே உண்டாக்கிய ஆக்சைடு. பித்தளைக் குத்துவிளக்கு என்று நினைத்துப் புளி, எலுமிச்சை, சபீனா எதையும் கொண்டுபோகாதீர்கள்; எஃகுக் கம்பிநாரும் ஆகாது. படலம் போனால் வீட்டில் திருப்பிக் கொண்டுவர வழியில்லை.

வாங்கும்போது இரண்டுக்கும் ஒரே சோதனைகள். காந்தம் ஷெல்லில் ஒட்டினால் அது எஃகு; இந்த இரண்டும் அல்ல. ஒட்டாவிட்டால் காற்றுத் துளையின் உள்ளோரத்தைப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை, வெள்ளிச் சாம்பல் என்றால் அலுமினியம். சூப்ராவின் ஆரம்பகால ஷெல்கள் பித்தளை என்பதால், மஞ்சள் தெரிந்தால் பேரத்தை நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டிய நேரம் அது. ஹெட்டுகளைக் கழற்ற விட்டால், ஷெல்லைத் தடித்த கண்ணாடிமேல் நிறுத்தி உள்ளே டார்ச் அடியுங்கள். கீழ்ப்பக்கம் ஸ்நேர் கம்பி உட்காரும் இரு பள்ளங்களில் ஒளி கசிவது இயல்பு. வேறெங்காவது கசிந்தால் விளிம்பு நெளிந்திருக்கிறது. விட்டத்தை நான்கு திசையில் அளந்து, 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம். ஷெல்லில் பதித்த கம்பெனி பேட்ஜையும் பாருங்கள். சாவிக்கல் (கீஸ்டோன்) வடிவ பேட்ஜ் 60களுக்குரியது. நீலமும் ஆலிவ் பச்சையும் கலந்தது 70களுக்குரியது. சீரியல் எண்கள் வரிசையாகப் போகவில்லை, அதை வைத்து வருஷத்தைத் துல்லியமாகச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். பேட்ஜைப் பிடித்திருக்கும் துளை வளையம் நசுங்கியோ புதிதாகவோ இருந்தால் பேட்ஜ் மாறியிருக்கலாம்.

பாகங்கள் விஷயத்தில் எண்ணிக்கையே ஆக்ரோலைட்டுக்குச் சாதகம்: 16 டென்ஷன் ராடு (ஹெட்டை இறுக்கும் திருகு), சூப்ராவுக்கு 20. மரை 12-24 என்ற அமெரிக்க அளவு, தடிமன் ஏறக்குறைய 5.5 மில்லிமீட்டர். நம் ஹார்டுவேர் கடை M5 தொளதொளக்கும், M6 நுழையாது. வலுக்கட்டாயமாகத் திருகினால் லக்குக்குள் இருக்கும் பித்தளை நட்டின் மரை போச்சு. துருப்பிடித்த ராடை மண்ணெண்ணெயில் இரவு ஊறவைத்து, பித்தளை பிரஷால் தேய்த்து, துளி கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். லக்குக்குள் ஸ்பிரிங் கிணுகிணுத்தால் சிறு பஞ்சு திணிக்கலாம். ஸ்நேர் கம்பியை இழுத்துவிடும் ஸ்ட்ரெயினர் உடைந்திருந்தால், திருகுத் துளைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து அதற்குப் பொருந்துவதையே வாங்குங்கள். ஷெல்லில் புதுத் துளை மட்டும் கூடாது.

ஒலியில்? சூப்ராவின் 10 லக், ஹெட்டை உச்சம் வரை இழுத்தாலும் சமமாகப் பிடித்துக்கொள்ளும். ரிம் ஷாட் (ஹெட்டையும் விளிம்பு வளையத்தையும் சேர்த்து அடிப்பது) கணீரென்று கிளம்பும். ஆக்ரோலைட் நடுச்சுருதியில் கொஞ்சம் உலர்ந்து, விரிந்து கேட்கும். உச்சத்துக்கு ஏற்றினால் 8 லக்கில் ஒன்று தளர்ந்தாலும் உடனே காது கண்டுபிடித்துவிடும். ஆனால் இந்த வித்தியாசத்தில் பாதி பழைய ஹெட்டால் வருவது. இரண்டுக்கும் மேலே 10 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்) தடிமனுள்ள பூச்சு ஹெட், கீழே 3 மில் ஸ்நேர் ஹெட், புதுக் கம்பி போடுங்கள். கீழ் ஹெட்டை முதலில், எதிரெதிராக அரைத் திருகு வீதம், மேல் ஹெட்டைவிட இறுக்கமாக ஏற்றியபின் ஒப்பிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பலரும் தடுமாறுவார்கள்.

வாசிப்பதற்கு என்றால் ஆக்ரோலைட்டையே வாங்கலாம். மிச்சப் பணத்தில் ஹெட்டும் கம்பியும் வாங்கிவிடலாம். சூப்ரா வேண்டுமென்றால் இரண்டு நிலையில் மட்டும் சரி: குரோம் முழுசாக இருந்து விலை தாங்குமானால், அல்லது குரோம் மோசமாகப் போய் விற்பவர் ஆக்ரோலைட் விலைக்கே இறங்கி வந்தால். நடுத்தரமாகப் புள்ளி விழுந்து, முழு விலை சொல்லும் சூப்ராவைத்தான் சந்தையில் அதிகம் பார்ப்பீர்கள். அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.