பின்கேட் ஜெராக்ஸ் கடையின் புள்ளி நோட்டு: வாங்கலாம், ஆனால் முதல் வாரத்தில் வேண்டாம்

எங்கள் கல்லூரிப் பின்கேட்டுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில், ஐசோமெட்ரிக் புள்ளி (பொருளை முப்பரிமாணமாக வரைய வழிகாட்டும் புள்ளி) அச்சடித்த ஏ3 நோட்டு கேட்டால் போட்டுத் தருவார்கள். 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) தாள், 50 தாள்கள், ஸ்பைரல், மேலே பிளாஸ்டிக் அட்டை, 280 ரூபாய். ப்ராஜெக்ட் தொடங்கும் ஜூனியர்கள் "அக்கா, அந்த நோட்டு வாங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரே பதிலை எட்டுப் பேருக்குத் தட்டி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எதற்கு வாங்கினோம் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் நான்கு பேர், மெக்கானிக்கல் கடைசி வருடம். ப்ராஜெக்ட், மல்லாட்டை ஆயும் கருவி. வேர்க்கடலையை விழுப்புரம் பக்கம் மல்லாட்டை என்போம். மணிலாக் கொட்டை பேச்சில் தேய்ந்து அப்படி ஆனது. தோல் உடைப்பது இல்லை, பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து காயைப் பிரிப்பது. ஜீரோத் ரிவ்யூவில் (தலைப்பை முதன்முதலில் ஆசிரியர்கள் முன் சொல்லும் கூட்டம்) உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் கடைசிவரை இதைக் குழப்பிக்கொண்டார்கள். இதற்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சீப்பு மாதிரிக் கருவி ஒன்று ஏற்கெனவே உண்டு: சதுரச் சட்டம், நான்கு கால், நான்கு பக்கமும் சீப்பு போல் தகடு. ஒரு பிடி செடியைச் சீப்பில் வைத்து இழுத்தால் காய் தனியே விழும். அதைவிட நன்றாக ஏதாவது யோசித்துப் படமாகக் கொண்டுவாருங்கள் என்றார் எங்கள் கைடு.

நோட்டின் நல்லதை முதலில் சொல்கிறேன். முதல் வருடம் மினி டிராஃப்டரோடு மல்லுக்கட்டி ஒரு பெட்டி வரைய ஒரு மணி நேரம் ஆனவள் நான். இந்தத் தாளில் அதே பெட்டி அரை நிமிடம். ஒரு கோடு நேர் மேலே, மற்ற இரண்டும் 30 டிகிரி சாய்வு. மூன்றுக்கும் புள்ளியே வழிகாட்டுகிறது. கம்பி வளையம் பதித்த உருளை (நெல் அடிக்கும் பெடல் மெஷினில் இருக்குமே, அது) வரைய வேண்டி வந்தபோது, நான்கு புள்ளிகளை வைத்துச் சாய்சதுரம் போட்டு உள்ளே நீள்வட்டத்தை ஒட்டினால் முடிந்தது. தாளும் தடிமன். ஸ்கெட்ச் பேனா மை பின்பக்கம் ஊறவில்லை.

வீட்டுக்கு எடுத்துப் போனபோது என் ஆயா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இடைப்புள்ளி வெச்சிக்கினு கோலம் போடாம என்னாடி பொட்டி பொட்டியா போட்ருக்க?" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஒரு வரிசைப் புள்ளிகளுக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி விழுகிற இடைப்புள்ளிக் கோலத்தின் அமைப்புதான் ஐசோமெட்ரிக் தாளுக்கும். நான்கு வருடம் படித்தும் எனக்குத் தோன்றவில்லை.

"பொட்டி பொட்டியா" என்றாளே, நோட்டின் குறையும் அதுதான். முதல் வாரம் 11 படம் வரைந்து கைடிடம் காட்டினோம். எல்லாம் சுத்தமான படங்கள். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஆள் எங்கம்மா?" என்றார். பதினொன்றில் ஒன்றில்கூட மனுஷி இல்லை. மடக்கிய முழங்கால், குனிந்த முதுகு, வேர் மண்ணோடு தொங்கும் செடி, எதுவும் அந்த மூன்று திசைக் கோட்டில் அடங்காது. புள்ளி எதற்கு இடம் கொடுத்ததோ அதை மட்டும் வரைந்திருக்கிறோம். இன்னொன்று, 280 ரூபாய் நோட்டில் அசிங்கமாக வரைய யாருக்கும் கை வரவில்லை. ஒருவன் ஒரே உருளைக்கு இரண்டு நாள் ஷேடிங் அடித்தான். அவ்வளவு உழைத்த படத்தை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கும் வாய் வரவில்லை.

அப்புறம்தான் அதே கடையின் இன்னொரு சரக்கு கண்ணில் பட்டது. ஒருபக்கம் மட்டும் தப்பாக அச்சான ஏ4 தாள்களைக் கட்டி, கிலோ 25 ரூபாய்க்கு விற்கிறார் அண்ணா. 75 ஜிஎஸ்எம் தாள் என்றால் ஒரு கிலோவுக்கு 210 தாளுக்கு மேல் நிற்கும். பின்பக்கம் யாருடையதோ வருமானச் சான்றிதழ், யாருடையதோ செமஸ்டர் கேள்வித்தாள். இதில் தயக்கமே வராது. பென்சில், ரப்பர் எல்லாம் பையில் போட்டுவிட்டு ரெனால்ட்ஸ் 045 பேனாவை மட்டும் எடுத்தோம். அழிக்க முடியாது என்றால் கை நிற்காமல் போகிறது, போனில் படம் எடுத்தாலும் கோடு தெளிவாக விழுகிறது.

இந்தத் தாளில்தான் 6-3-5 முறையைச் செய்தோம். 1968-ல் பெர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் சொன்னது: ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம், பிறகு தாளைப் பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும். பேசக் கூடாது. நாங்கள் நான்கு பேர்தான், ஆகவே நான்கு சுற்று, 20 நிமிடம், 48 கிறுக்கல். திரும்பத் திரும்ப வந்ததைக் கழித்தால் 19 தேறியது. வழக்கமாக எங்கள் கூட்டத்தில் சத்தமாகப் பேசுபவனின் யோசனைதான் ஜெயிக்கும். வாயே திறக்காத ஹாஸ்டல் பையன் அன்றைக்கு வரைந்ததுதான் கடைசியில் எங்கள் ப்ராஜெக்ட் ஆனது.

கதை இப்படி. முந்தின ஞாயிறு நான் ஊரில் களத்து மேட்டில் உட்கார்ந்து, ஆயா மல்லாட்டை ஆய்வதை முப்பது தாளில் கிறுக்கிக்கொண்டு வந்திருந்தேன். ஒரு கால் நீட்டி, ஒரு கால் மடக்கி, இடது கையில் கொத்து, வேர்ப்பக்கம் தன்னைப் பார்க்க. மார்பு உயரத்துக்குக் கொத்தைத் தூக்குவதே இல்லை, எல்லாம் முழங்கால் மட்டத்தில்தான் நடக்கிறது. அந்தத் தாள்களில் ஒன்று சுற்றில் போனபோது, மூன்றாவது சுற்றில் அந்த ஹாஸ்டல் பையன் ஒரு அரிவாள்மணையை வரைந்து, அரிவாள் இருக்கும் இடத்தில் சீப்பை நட்டிருந்தான். பலகையை உட்காருபவரின் காலே அமுக்கிக்கொள்ளும், நான்கு கால் சட்டமே வேண்டாம். பல்கலைக்கழகச் சீப்பை அளவுகோலாக வைத்து ப்யூ மேட்ரிக்ஸ் (ஒவ்வொரு அம்சத்திலும் அதைவிட மேலா கீழா என்று கூட்டல், கழித்தல் குறி போடும் அட்டவணை) போட்டபோது எடை, விலை, உட்காரும் வசதி மூன்றிலும் இதற்குக் கூட்டல் குறி விழுந்தது. வேகத்தில் கழித்தல்தான், மறைக்கவில்லை.

இரண்டாவது வாரம் புள்ளி நோட்டுக்கே திரும்பினோம். என்ன செய்வது என்று தெரிந்தபிறகு அதைப்போல் உதவியான தாள் கிடையாது. பலகை, சீப்பு, போல்ட் எல்லாம் ஒரே பக்கத்தில் பிரித்துக் காட்ட முடிந்தது. ஆனால் அங்கே ஒரு அடி வாங்கினோம். பலகைக்குக் கீழே வரும் இரண்டு பக்கச் சட்டங்களை அட்டையில் வெட்டினோம். படம் 1:5 அளவு, புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர் என்று கணக்கு. ஒருவன் 12 இடைவெளி எண்ணி 600 என்று வெட்டினான். நான் ஸ்கேல் வைத்து அளந்து ஐந்தால் பெருக்கி 564 என்று வெட்டினேன். ஒட்டிப் பார்த்தால் சட்டம் கோணிக்கொண்டு நிற்கிறது. இருவரும் அரை மணி நேரம் சண்டை. கடைசியில் பார்த்தால், கடையில் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கும் 'ஃபிட் டு பேஜ்' வைத்து அச்சடித்திருக்கிறார்கள், 10 மில்லிமீட்டர் 9.4 ஆகிவிட்டது. "ஓரம் வெட்டுப்படாம வரணும்னா அப்பிடித்தாம்மா போடணும்" என்றார் அண்ணா. ஆனாலும் முகம் சுளிக்காமல் பத்துத் தாள் சரியான அளவில் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

என் மதிப்பெண்: புள்ளி நோட்டுக்கு ஐந்துக்கு மூன்று, கிலோ தாளுக்கு நாலரை. அரை மதிப்பெண் குறைத்தது, நான் வாங்கிய கட்டுக்குள் பாதித் தாளில் ஸ்டேப்ளர் பின் இருந்ததற்கு.

நோட்டு வாங்கும்போது, 'ஆக்சுவல் சைஸ்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒரு தாள் அடித்ததும் அங்கேயே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எங்கள் குழுவில் ஒருவன் இடதுகைக்காரன். ஸ்பைரல் கம்பி மணிக்கட்டில் குத்தி, கடைசியில் தாளைக் கிழித்துத்தான் வரைந்தான். மேல்பக்கம் ஸ்பைரல் போடச் சொன்னால் போடுவார்கள், விலை அதேதான். மாதக் கடைசியில் போகாதீர்கள். ரெக்கார்டு நோட்டு பைண்டிங் கூட்டம் ரோடு வரைக்கும் நிற்கும்.