சிக்ஸ்த் ஃபார்ம் (16 முதல் 18 வயது வரையிலான வகுப்புகள்) உள்ள பள்ளியா, 16 வயதில் தனிக் கல்லூரியா?

இங்கிலாந்தில் அரசுப் பள்ளி தேடும் பெற்றோருக்கு இந்தக் குழப்பம் கட்டாயம் வரும்.

செலவு: இரண்டிலும் கட்டணம் இல்லை.

இடம்: அதே பள்ளி என்றால் 18 வரை உறுதி என்று நம்பிவிடாதீர்கள், 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வில் கேட்கும் கிரேடு வராவிட்டால் அங்கேயே படித்த பிள்ளைக்கும் கதவு மூடிவிடும், ஏ லெவல் (18 வயதில் முடியும் படிப்பு) கணிதத்துக்கு ஜிசிஎஸ்இ-யில் கிரேடு 7 (உச்சம் 9) கேட்கும் பள்ளிகளும் உண்டு. கல்லூரியிலும் கிரேடு பார்ப்பார்கள், ஆனால் தொழில்சார் படிப்புகளும் இருக்கும்.

பாடம்: சிறிய சிக்ஸ்த் ஃபார்மில் ஃபர்தர் மேத்ஸ் என்ற கூடுதல் கணிதப் பாடத்துக்கு ஆள் சேராவிட்டால் வகுப்பே நடக்காது. கல்லூரியில் அந்தக் கவலை குறைவு.

கவனிப்பு: பள்ளியில் பிள்ளையைத் தெரிந்த ஆசிரியர்கள். கல்லூரியில் அவ்வளவாகத் துரத்த மாட்டார்கள்.

ஆகவே கூச்சப்படும் பிள்ளைக்குப் பள்ளி. தானாக உட்கார்ந்து படிப்பவருக்குக் கல்லூரி. பெற்றோர் சுற்றிப் பார்க்க வரும் ஓபன் ஈவினிங்கில் கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், 12ஆம் ஆண்டோடு (இரண்டு ஆண்டுப் படிப்பின் முதல் ஆண்டு) எத்தனை பேர் விலகினார்கள் என்று கேளுங்கள்.