அப்பா அனுப்பிய ஐந்து பிரதி

இந்த முறை ஊருக்குப் போனபோது ஒரு வேலையைக் கட்டாயம் முடித்துவிட வேண்டும் என்று இருந்தேன். அப்பா எழுதிய சிறுகதைப் புத்தகம் எங்கள் யாரிடமும் இல்லை. 1991இல் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சின்ன அச்சகத்தில் சொந்தக் காசு போட்டு 500 பிரதி அடித்தார். பாதி கல்யாண வீடுகளுக்கு அன்பளிப்பாகப் போனது. மீதி கட்டிலுக்கடியில் கிடந்தது, அதைக் கரையான் பார்த்துக்கொண்டது.

அக்காதான் வழி சொன்னார். "தம்பி, அப்பா கவர்மெண்டுக்கு அஞ்சு புத்தகம் அனுப்பினாரே, ஞாபகம் இருக்கா? ஒரு நாள் முழுக்கத் திட்டிக்கிட்டே கட்டினாரே!"

ஞாபகம் வந்தது. மலேசியாவில் நூல் வெளியிடுபவர்கள் ஒவ்வொரு நூலிலும் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்துக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். 1986ஆம் ஆண்டுச் சட்டம் அது. பெரிய பதிப்பகமா, செந்தூல் லைன் வீட்டில் இருக்கும் எழுத்தாளரா என்றெல்லாம் சட்டம் பார்ப்பதில்லை. ஓசியில் கேட்கிறார்களே என்பது அப்பாவின் ஆத்திரம்.

நேரே தேசிய நூலகத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் கால் முதலில் டத்தாரான் மெர்டேக்கா என்ற சுதந்திரச் சதுக்கத்துக்குத்தான் போனது. செந்தூலில் எல்.ஆர்.டி. ரயில் ஏறினால் மஸ்ஜித் ஜாமெக், அங்கிருந்து நடை. பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சைக்கு நான் படித்த நூலகம், சதுக்கத்தின் ஓரத்தில் 1899இல் வெள்ளைக்காரர்கள் அரசாங்க அச்சகத்துக்காகக் கட்டிய கட்டடத்தில் இருந்தது. வீட்டில் மின்விசிறி ஒன்றுதான், அங்கே ஏசி. பாதிப் பேர் அதற்காகவே வந்தோம். அந்தக் கட்டடம் பிறகு நகரக் காட்சிக்கூடமாக மாறியது. நூலகம் இப்போது பக்கத்திலேயே குவிமாடம் வைத்த கட்டடத்தில் இருக்கிறது. மாநகர மன்றம் நடத்துகிறது. இப்போது நான் இருக்கும் மெல்பர்னின் மாநில நூலகத்தில் 1913இல் திறந்த பிரம்மாண்டக் குவிமாட வாசிப்பறையில் உட்கார்ந்து பழகிய கண்ணுக்கு இது அடக்கமான குவிமாடம்தான். ஆனால் பள்ளிச் சீருடையோடு வந்து கணக்குப் போடும் பிள்ளைகள் அன்றைக்கு மாதிரியே இருந்தார்கள்.

யுனெஸ்கோ 2020ஆம் ஆண்டுக்கு உலகப் புத்தகத் தலைநகராகத் தேர்ந்தெடுத்தது கோலாலம்பூரைத்தான். சாதாரண கௌரவம் இல்லை. ஆனால் நேரத்தைப் பாருங்கள்: ஆண்டு தொடங்குவது ஏப்ரல் 23, நாடு முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது மார்ச் 18. தலைநகரம் பட்டம் சூடியபோது வாசகர்கள் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தார்கள்.

இடையில் புறநகரில் ஒரு கிளை நூலகத்தையும் எட்டிப் பார்த்தேன். பெயர் வேண்டாம். தமிழுக்கென்று ஒரு தட்டு, அதில் சமையல், ஜோதிடம், அட்டை கிழிந்த மாத நாவல்கள். கேட்டால்தானே வாங்குவார்கள் என்றார் அக்கா. அதுவும் நியாயம்தான், நாம் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

மறுநாள் கிராப் வாடகைக் கார் பிடித்து ஜாலான் துன் ரசாக் சாலைக்குப் போனோம். தேசிய நூலகத்தின் கூரை மலாய்க்காரர்கள் விசேஷத்துக்குக் கட்டும் தெங்கோலோக் தலைப்பாகை மாதிரி மடிந்து நிற்கும். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த நிறுவனம். 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறிய ஹிக்காயாட் ஹங் துவா என்ற பழைய மலாய் வீரகதையின் கையெழுத்துப் பிரதி இங்கேதான் இருக்கிறது. அந்தக் கதையில் ஹங் துவா தூதராகக் கப்பலேறி நம் இந்தியப் பக்கமும் வந்து போகிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அக்கா மைகாட் அடையாள அட்டையை நீட்டினார். எனக்கு அது இல்லை. ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கியபோது மலேசியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்தாயிற்று, இங்கே இரட்டைக் குடியுரிமை கிடையாது. பிறந்த ஊரில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பெயர் எழுதும்போது தொண்டை கொஞ்சம் அடைத்தது. பையைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, ஒரு பென்சிலும் தாளும் மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனோம்.

கணினியில் அப்பாவின் பெயரை ரோமன் எழுத்தில் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது, அதுதான் வில்லன். 'எல்' போட்டு, 'இசட் எச்' போட்டு, தோற்று, கடைசியில் ஆண்டை மட்டும் வைத்துத் தமிழ் நூல்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். இருந்தது! தேடப் போகிறவர்கள் வெளிவந்த ஆண்டையும் அச்சக விவரத்தையும் கையோடு கொண்டு போங்கள்.

மலேசியானா என்ற மலேசிய நூல் தொகுப்பில் இருப்பதை வீட்டுக்குத் தர மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரு தமிழ்ப் பெண் புத்தகத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார். கரையான் இல்லை, மஞ்சள் கூட ஏறவில்லை. 43ஆம் பக்கத்தில் 'வெல்லம்' என்ற சொல்லை நீல மையால் அடித்து, மேலே 'வெள்ளம்' என்று எழுதியிருந்தது. அப்பாவின் கை. கம்பத்துக்குள், அதாவது கிராமத்துக்குள், ஆற்றுத் தண்ணீர் புகுந்த கதை அது. அச்சகத்தில் செய்த பிழையால் வீட்டுக்குள் வெல்லம் புகுந்திருக்கிறது. அக்கா சிரித்தார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முழுப் புத்தகத்தையும் நகலெடுக்கலாமா என்று கேட்டேன். "காப்புரிமை இருக்கே அங்கிள். எழுதினவர் குடும்பம் எழுத்துல அனுமதி கொடுத்தா கேட்டுப் பார்க்கலாம்" என்றார் அந்தப் பெண். எழுதியவர் இறந்த பிறகும் 50 ஆண்டுகளுக்கு இங்கே உரிமை உண்டு, அது வாரிசுகளிடம் இருக்கும். "குடும்பம்தான்மா வந்திருக்கோம்" என்றேன். ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, எங்களுக்கு நாங்களே அனுமதி அளித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அக்கா மட்டும் கிளம்ப மனமில்லாமல் நின்றார். "ஏம்மா, எங்கப்பா அஞ்சு அனுப்பினாரு. மிச்சம் நாலு?"

"உள்ளே பத்திரமா இருக்கும் ஆன்ட்டி."

"அதுலயும் திருத்தியிருக்காரான்னு பார்க்கணுமே" என்றார் அக்கா, இன்னொரு சீட்டை எடுத்துக்கொண்டே.