கணினியைப் பழுது பார்க்கக் கொடுத்தால் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள்

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கையில் முறையான ரசீது இல்லாதவன் பெயரைச் சொன்னால் வம்பு அவனுக்குத்தான். கம்பத்தில் ஒரு கடை, அவ்வளவு போதும்.

கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் ஜெராக்ஸ், தட்டச்சு, ஆன்லைன் விண்ணப்பம் என்று சிறிய கடை வைத்திருக்கிறேன். ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் சிலருக்குக் கணக்கும் எழுதித் தருகிறேன். புற்றடி ஏலக்காய் ஏல மையத்துக்கு எத்தனை கிலோ போனது, என்ன விலைக்குப் போனது, கூலி எவ்வளவு என்பதெல்லாம் 2020-இல் வாங்கிய ஒரே கணினியில், டாலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறச் சொல்லித் திரையில் தினமும் நச்சரிப்பு. வீட்டுக் கணினிகளுக்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு என்று அறிவித்திருந்தார்கள். அது தெரிந்திருந்தால் அவசரப்பட்டிருக்க மாட்டேன்.

துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) காலத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் எங்கள் ஊரில் இடி இடிக்காத நாள் குறைவு. சரியாக அந்த நேரம் பார்த்து மேம்படுத்தலைத் தொடங்கினேன். யுபிஎஸ் பேட்டரி செத்து ஓராண்டு ஆகியிருந்தது. இரண்டும் என் தவறுதான், மறுக்கவில்லை. 62 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது நீலத்திரை. தேவையான ஒரு கோப்பு இல்லை அல்லது பழுதாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே கோப்பின் பெயர்: வின்லோட்.இஎஃப்ஐ.

மறுநாள் காலை சிபியுவைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் மலையிறங்கினேன். குமுளியிலும் கடைகள் உண்டு. நம் ஊர்க்காரர், தமிழில் விளக்கிச் சொல்லலாம் என்ற நினைப்புதான் கம்பத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. கடைக்காரர் திரையை இரண்டு நொடி பார்த்தார். "அண்ணே, சிஸ்டம் ஃபைல் போய்விட்டது. ஒரிஜினல் வாங்கித்தான் போட வேண்டும். டிஸ்க்கும் போய்விட்டது" என்றார். "உள்ளே இருக்கிற கணக்கு?" என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். இந்தப் 'பார்க்கலாம்' என்ற சொல்லை நம்பி நான் இழந்தவை இந்த வாழ்க்கையில் கொஞ்சமல்ல.

இரண்டு நாள் கழித்துப் போனேன். வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதிக் கொடுத்தார்: சிஸ்டம் ஃபைல் 1,200, ஓஎஸ் கீ (விண்டோஸ் உரிமக் குறியீடு) 1,500, எஸ்எஸ்டி (புது டிஸ்க்) 2,800, சர்வீஸ் 500. மொத்தம் 6,000 ரூபாய். கணக்கை மீட்க முடியவில்லையாம். பழைய டிஸ்க்கைக் கேட்டேன். "அது குப்பைக்குப் போய்விட்டது அண்ணே." பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். கணினி முன்பைவிட வேகமாகத் திறந்தது, அதில் கொஞ்சம் மயங்கியும் போனேன். கடைக்கு வந்து பார்த்தால் டாலி இல்லை, மலையாள எழுத்துருக்கள் ஒன்றுகூட இல்லை. திறக்கும்போதெல்லாம் ஒரு கறுப்புப் பெட்டி கண் சிமிட்டுவதுபோல் வந்து மறைந்தது.

அந்தக் கறுப்புப் பெட்டிதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. கோவையில் படிக்கும் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். உட்கார்ந்ததும் விண்டோஸின் வைரஸ் தடுப்பானான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலைத் திறந்தான். ஒரு முழுக் கோப்புறையைச் சோதிக்கவே வேண்டாம் என்று அதில் எழுதி வைத்திருந்தார்கள். திருட்டு விண்டோஸை அசல்போலக் காட்டும் ஆக்டிவேட்டர் அதற்குள் இருந்தது. "கீக்குப் பணம் கொடுத்தீர்களா மாமா? எதற்கு?" என்றான். விண்டோஸோடு விற்கப்பட்ட பிராண்ட் கணினி என்னுடையது. அதன் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பை மறுபடி நிறுவினால் தானாகவே எடுத்துக்கொள்ளும், பத்திலிருந்து பதினொன்றுக்குப் போகவும் தனி விலை கிடையாது. 'சிஸ்டம் ஃபைல் 1,200' என்ற வரியைப் படித்துவிட்டு அவன் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது. அந்தக் கோப்பு விண்டோஸோடு சேர்ந்தே வருவது. கோப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று விற்க அது என்ன ஏலக்காயா?

அவனை அழைத்துக்கொண்டு மறுபடி கம்பம் போனேன். சத்தம் எதுவும் போடவில்லை. "டிஸ்க் பழுது என்றால் எந்தச் சோதனையில் தெரிந்தது?" என்று அவன் கேட்டதற்குப் பதில் வரவில்லை. "டிஸ்க்கைக் கொடுங்கள், இல்லையென்றால் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்" என்றான். கடைக்காரர் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். ஏழெட்டு ஹார்ட் டிஸ்க்குகள் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் காகித டேப் ஒட்டிப் பேனாவால் அடையாளம். என்னுடையதில் 'குமுளி ஜெராக்ஸ்' என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து யுஎஸ்பி கேபிளில் மாட்டினோம். டாலி அப்படியே இருந்தது. சிஸ்டம்32 கோப்புறைக்குள் போனால், 1,200 ரூபாய் கொடுத்து நான் 'வாங்கிய' வின்லோட்.இஎஃப்ஐ இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது! கோப்பு எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் துவக்கப் பதிவேடுதான் மின்வெட்டில் குழம்பியிருந்ததாம். வீட்டு எண் அழிந்ததற்கு வீட்டையே இடித்துவிட்டுப் புது வீடு கட்டிய கணக்கு.

பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினான். என் மனைவியின் மடிக்கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் நிறுவியை உருவாக்கினான். இரண்டும் இலவசம். அதிலிருந்து கணினியைத் திறந்து, 'நிறுவு' என்பதைத் தொடாமல் பழுதுபார்க்கும் பகுதிக்குப் போனான். தானியங்கிப் பழுதுபார்ப்பு தோற்றது. அடுத்து கட்டளைத் திரையில் டிஸ்க்கில் துவக்கக் கோப்புகள் இருக்கும் பகுதிக்கு ஓர் எழுத்தைப் பெயராகக் கொடுத்து, பிசிடிபூட் என்ற கட்டளையால் துவக்கக் கோப்புகளைப் புதிதாக எழுதினான். என் தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. கணினி தானாகவே பழைய பத்துக்குத் திரும்பியது, மலையாள எழுத்துருக்களோடு. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்திருந்தால் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டிருக்கும், மேம்படுத்தும் முன்பே அதைக் குறித்து வையுங்கள் என்றான்.

6,000 ரூபாயில் ஒரு பைசா திரும்பவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன், ரசீதைக் கேட்டார்கள். வெள்ளைத்தாளில் கடைப்பெயர்கூட இல்லை. புது எஸ்எஸ்டியை முழுவதும் அழித்து, கணக்கின் நகல் எடுக்க வைத்துக்கொண்டேன். யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரியும் வாங்கியாகிவிட்டது.

அந்த இழுப்பறையில் நான் படித்த மற்ற அடையாளங்களில் மூன்று நினைவிருக்கின்றன: 'கூடலூர் உரக்கடை', 'சின்னமனூர் ஸ்டுடியோ', 'அணைக்கரை டீச்சர்'. இவற்றில் ஒன்று நீங்களானால், உங்கள் டிஸ்க் குப்பைக்குப் போகவில்லை. மேசையின் கீழ் இழுப்பறை.